வீட்டுக் குழாயிலிருந்து பசுமைக்குடிலுக்குத் தண்ணீர்: 40 மீட்டருக்கு எந்த அளவு பைப்?

கீரைப்பாத்தி:

வணக்கம். தோட்டத்தின் கடைக்கோடியில் 6 × 12 மீட்டரில் பாலித்தீன் பசுமைக்குடில் ஒன்று இருக்கிறது. வீட்டுச் சுவரிலிருந்து 40 மீட்டர் தூரம், தரை ஏறக்குறைய சமம். நேரடிக் குழாய் இணைப்புதான், மேல்தொட்டி கிடையாது. வெளிக் குழாயில் 10 லிட்டர் வாளி 27 நொடியில் நிறைகிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பார்த்தால் பிரஷர் மீட்டர் 2.5 பார் காட்டுகிறது.

குடிலுக்குள் 240 டிரிப்பர் (சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முனை), ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர். பூவாளி நிரப்ப, கை கழுவ ஒரு குழாயும் வேண்டும். திரவ உரத்தை வென்சுரி (ஓடும் தண்ணீரே உரத்தை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியாகக் கொடுக்க எண்ணம். இப்போது அரை அங்குல ஹோஸ் கிடக்கிறது, மறுமுனையில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது.

நிரந்தரமாகப் போட எந்த பைப், என்ன அளவு? எவ்வளவு ஆழம்? நடுவில் கார் போகும் பாதை ஒன்றைக் கடக்க வேண்டும். விளக்குக்கான கரண்ட் கேபிளையும் அதே பள்ளத்தில் போட்டுவிடலாமா?

குழாய்ச்சாவி:

ஹோஸில் நூலாக வருவதற்குக் காரணம் உராய்வு. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓட வேண்டும் என்று வைத்து 40 மீட்டருக்குக் கணக்குப் போட்டால், உள்விட்டம் 12.5 மி.மீ. உள்ள ஹோஸ் மட்டும் 27 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தின்னும். உங்களிடம் மொத்தமாக இருப்பதே 25 மீட்டர் (1 பார் என்பது சுமார் 10 மீட்டர்). எனவே அந்த 20 லிட்டர் வரவே வராது. அதே ஓட்டத்துக்கு 20 மி.மீ. எச்டிபிஇ (கெட்டிப் பாலித்தீன்) பைப்பில் (உள்விட்டம் 16) இழப்பு 8 மீட்டர், 25 மி.மீ. பைப்பில் (உள்ளே 20.4) 2.5 மீட்டர், 32 மி.மீ. பைப்பில் (உள்ளே 26) முக்கால் மீட்டர்தான்.

உங்கள் டிரிப்பருக்கு மணிக்கு 480 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர் போதும். குழாயையும் சேர்த்துத் திறந்தால் 20 லிட்டர் பக்கம் வரும். ஆகவே 25 மி.மீ. தாராளம். இன்னொரு குடில் போடும் யோசனை இருந்தால் மட்டும் 32. பெரிசா போட்டா நல்லதுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். 25-இல் 13 லிட்டர் தேங்கும், 32-இல் 21 லிட்டர். தினமும் ஓடாத பைப்பில் அத்தனையும் பழைய தண்ணீர்.

ஒரு விஷயம். 2.5 பார் என்பது எதுவும் ஓடாதபோது உள்ள அளவு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வாளி நிரம்பும்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அப்போது 1 பாருக்குக் கீழே விழுந்தால் குறை வீட்டுக்குள் இருக்கும் அரை அங்குல லைனில். அந்த வெளிக் குழாயிலிருந்தே கிளை எடுத்தால் பின்னால் எவ்வளவு பெரிய பைப் போட்டும் பயனில்லை. வாட்டர் மீட்டருக்கும் மெயின் வால்வுக்கும் அடுத்து, வீட்டுக்குள் பிரிவதற்கு முன்பே டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுங்கள். தண்ணீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அதற்கும் முன்பாக. அதிலிருந்து வரும் தண்ணீரில் சோடியம் கூடுதல், செடிக்கு ஆகாது.

டீக்கு அடுத்து வரிசை இப்படி: ஃபுல் போர் பால் வால்வு (திறந்தால் பைப்பின் முழு விட்டமும் திறக்கும் அடைப்பான்), நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது; அம்புக்குறி குடிலைப் பார்க்க), வடிகால் குழாய், யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), பிறகு எச்டிபிஇ. வடிகாலை அந்த முனையின் மிகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள். லைனைக் காலி செய்ய வேண்டிய நாளில் அதன் அருமை தெரியும்.

மண்வெட்டி:

பள்ளம் பற்றி நான் சொல்கிறேன். கேபிளுக்கு முதலில் பதில்: வேண்டாம். வேறு பள்ளம் தோண்டுங்கள். இடமே இல்லையென்றால் குறைந்தது 30 செ.மீ. இடைவெளி விட்டு, கேபிளைத் தனிக் குழாய்க்குள் விட்டு, வேறு மட்டத்தில் போடுங்கள். பைப் கசிந்து தோண்டும்போது மண்வெட்டி கேபிளில் படக்கூடாது, அதுதான் காரணம்.

ஆழம் 45 செ.மீ. குறைந்தபட்சம். பாத்தி கொத்தும் கடப்பாரையும் மண்வெட்டியும் அதற்கு மேலேயே நின்றுவிடும். கார் பாதையின் கீழே 75 செ.மீ., அதுவும் 63 அல்லது 75 மி.மீ. உறைக்குழாய்க்குள் விட்டு. பின்னாளில் பைப் மாற்ற வேண்டி வந்தால் பாதையை உடைக்காமல் உருவி எடுக்கலாம். குளிர்காலத்தில் மண் உறையும் ஊராக இருந்தால் கணக்கே வேறு: உறையும் மட்டத்துக்குக் கீழே போக வேண்டும், அங்குள்ள குடிநீர் விதி என்ன ஆழம் சொல்கிறதோ அதுவே சரி.

அடியில் கூரான கல் இல்லாமல் பொறுக்கிவிட்டு 5 செ.மீ. மணல், அதன்மேல் பைப், மேலே இன்னும் 10 செ.மீ. மணல். பிறகு தோண்டிய மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு மிதியுங்கள். பைப்புக்கு 20–30 செ.மீ. மேலே எச்சரிக்கை டேப். ஒரே கல் நாளெல்லாம் அழுத்தினால் பாலித்தீன் பைப்பில் அந்தப் புள்ளியில் வருடம் கழித்து வெடிப்பு விழும். மணலுக்கான காரணம் அதுதான்.

50 மீட்டர் சுருளாக (காயில்) வாங்குங்கள், மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்கூட வரக்கூடாது. முதல் நாளே வெயிலில் போட்டு வைத்தால் முறுக்கு தளரும். காயிலை நிமிர்த்தி சக்கரம் போல உருட்டிக்கொண்டே போங்கள். படுக்கவைத்து ஒரு முனையை இழுத்தால் சுருள் சுருளாக வந்து மடிந்துவிடும். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அதை வெட்டி எறிய வேண்டியதுதான். முனைகளை டேப் ஒட்டி மூடிய பிறகே பள்ளத்தில் இறக்குங்கள், மண் உள்ளே போனால் டிரிப்பர் அடைக்கும்.

நேராக விறைப்பாகவும் போடாதீர்கள். பாலித்தீன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.2 மி.மீ. சுருங்கும். வெயிலில் போட்ட பைப் மண்ணுக்குள் 20 டிகிரி குளிர்ந்தால் 40 மீட்டருக்கு 16 செ.மீ. குறையும். அந்த இழுப்பு நேராக முனையில் உள்ள ஜாயின்ட்டில் போய் விழும். பாம்பு போல லேசாக வளைத்துப் போட்டு, ஒரு இரவு ஆறவிட்டு, மறுநாள் காலையில் முனைகளை இணையுங்கள்.

கீரைப்பாத்தி:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். 25 மி.மீ. என்று முடிவு. உரம் வென்சுரியில் போவதற்கு அந்த ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போதும்தானே?

வால்வுக்கண்:

போதாது. குழாய்ச்சாவி சொன்ன வரிசையில் எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் மாற்றுக் கருத்து.

தெருவில் மெயின் உடைந்தாலோ, வேலைக்காக அடைத்தாலோ லைனில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அப்போது உங்கள் பைப்பில் உள்ளது வீட்டுக்குள், சில சமயம் அண்டை வீட்டுக்குள்ளும், பின்னோக்கி உறிஞ்சப்படும். நான் ரிட்டர்ன் வால்வின் சீட்டில் (மூடி உட்காரும் இடத்தில்) ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலே அது மூடாது. அது மூடவில்லை என்பது வெளியே தெரியவும் தெரியாது. சாதாரணக் குழாய்க்கு இரண்டு வால்வு தொடராகவும் நடுவில் சோதனைத் துளையும் உள்ள டபுள் செக் வால்வு சரி. உரமோ பூச்சிமருந்தோ கலக்கும் லைனுக்கு அதுவும் போதாது. காற்று இடைவெளிதான் நம்பகமானது, பல ஊர்களில் குடிநீர் விதியே அதைக் கேட்கிறது.

செய்வது சுலபம். குடிலுக்குள் 200 லிட்டர் தொட்டி, மிதவை வால்வுடன். தண்ணீர் விழும் வாய்க்கும் தொட்டியின் வழிவு மட்டத்துக்கும் நடுவே வாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது 20 மி.மீ., வெறும் காற்று இருக்க வேண்டும். வழிவுக் குழாய் வரும் குழாயைவிடப் பெரிசாக இருக்கட்டும். மிதவை வால்வின் வாயில் ஹோஸ் மாட்டி தொட்டிக்குள் தொங்கவிட்டால் (சத்தம் வருதேன்னு பலரும் செய்வது) அத்தனையும் வீண்.

உங்களுக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர்தான் வெளியே போகிறது, வருவது அதைவிட அதிகம். எனவே பெரிய தொட்டி தேவையில்லை. ஆனால் தொட்டியை 1.5 மீட்டர் உயர்த்தினாலும் கிடைப்பது 0.15 பார்தான். சாதாரண டிரிப்பரில் அது மெல்லச் சொட்டும், அழுத்தம் சீராக்கும் வகை டிரிப்பர் வேலை செய்யாது. வென்சுரிக்கும் இது எட்டாது. அதனால் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார் வையுங்கள், அல்லது வென்சுரியை விட்டுவிட்டு உரத்தைத் தொட்டியிலேயே கலந்துவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தொட்டி கறுப்பாக, மூடியோடு இருக்கட்டும், வெளிச்சம் பட்டால் பாசி வரும்.

கை கழுவும் குழாயைத் தொட்டிக்கு முன்பே, டபுள் செக் வால்வோடு பிரித்துவிடுங்கள்.

சொட்டுநீர்ப்பாசி:

உள்ளே வந்த பிறகு சில விஷயம். மேலே வெளியே தெரியும் பைப் கறுப்பாக இருக்கணும். நீல பைப் மண்ணுக்குள் போடுவதற்கு, வெயிலில் நொறுங்கிவிடும். குழாய் நிற்கும் தூணைத் தனியாக மண்ணில் நட்டு அதில் கிளாம்ப் போடுங்க, குடிலின் வளைவுக் கம்பியில் கட்டாதீங்க. காத்துக்கு கம்பி ஆடும்போது எல்போ தளரும்.

எச்டிபிஇ கம்ப்ரஷன் ஜாயின்ட்டுக்கு (நட்டை முறுக்கி இறுக்கும் இணைப்பு) பைப்பை நேராக வெட்டி, ஓரத்தைச் சீவி, உள்ளே போகவேண்டிய ஆழத்தை மார்க்கர்ல குறிச்சு, குறி மறையும்வரை தள்ளுங்க. முக்கால்வாசி கசிவு இங்கேதான், பைப் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) தாண்டியிருக்காது. அந்த நட்டுக்கு டெஃப்லான் டேப் சுத்தக்கூடாது, மரை உள்ள இடத்துக்கு மட்டும். பித்தளை ஆண் மரையை பிளாஸ்டிக் பெண் மரைக்குள் முறுக்கினா இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வெடிக்கும். மாத்திப் போடுங்க: ஆண் பிளாஸ்டிக், பெண் உலோகம்.

மோட்டார் வெச்சா அதுக்கு அடுத்து 120 மெஷ் (சல்லடைக் கண் அளவு) டிஸ்க் ஃபில்டர், பிறகு 1 பார் பிரஷர் ரெடியூசர் (அழுத்தம் குறைப்பான்), பிறகு லேட்டரல் (டிரிப்பர் மாட்டிய சின்ன பைப்). ஒவ்வொரு லேட்டரல் முனையிலும் கழுவிவிட மூடி. கோடையில் வெளியே கிடக்கும் பைப்பில் தண்ணீர் கை சுடும் அளவு சூடாகும், நாற்றுக்கு முன்னாடி கொஞ்சம் கீழே ஓடவிடுங்க. ரொம்ப நாள் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரை முகத்துக்கு நேரே ஸ்பிரே பண்ணவும் வேண்டாம், லெஜியோனெல்லா கிருமிக்கு 20 முதல் 45 டிகிரிதான் இஷ்டம்.

குழாய்ச்சாவி:

வால்வுக்கண் சொன்னது சரி, உரம் இருப்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஒற்றை வால்வுக்குப் பதில் டபுள் செக் என்று படியுங்கள், உரத்துக்கு அவர் சொன்ன தொட்டியும் வேண்டும்.

மண்ணைத் தள்ளுமுன் சோதனை. குடில் முனைக் குழாயைத் திறந்துவைத்து மெதுவாக நிரப்புங்கள், துப்பித் துப்பி வருவது நின்றால் காற்று போய்விட்டது. பிறகு மூடி, கை பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். முதல் அரை மணி நேரம் முள் இறங்கும், பாலித்தீன் கொஞ்சம் உப்புவதுதான் காரணம். திரும்ப ஏற்றுங்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பம்ப் இல்லையென்றால் மெயின் அழுத்தத்திலேயே ஓர் இரவு விட்டு, காலையில் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் தெரியும். கூடவே வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வாட்டர் மீட்டரின் சின்ன முள்ளைப் பாருங்கள். அது நகர்ந்தால் இந்த லைனின் பால் வால்வை மூடிப் பாருங்கள். அப்போது நின்றால் கசிவு பள்ளத்தில், நிற்காவிட்டால் வீட்டுக்குள்.