‘ரீப்ளே வேல்யூ’: மறுஆட்ட மதிப்பா, மறுசுவையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையை வேலைக்குப் போகும் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு கேமை மறுபடி மறுபடி ஆடத் தூண்டும் தன்மையான ‘ரீப்ளே வேல்யூ’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய பேச்சு, இப்போது பழைய வீடியோ கேம் உசத்தியா புதிய கேம் உசத்தியா என்ற சண்டையில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. சொல் சரியாக அமைந்தால் சண்டையில் பாதி தானாக அடங்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இதுவரை வந்த சொற்கள்.

கோவை நண்பர் தந்த ‘மறுஆட்ட மதிப்பு’. மறு, ஆட்டம் இரண்டையும் புணர்த்தினால் ‘மறுவாட்டம்’ ஆகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘வாட்டம்’தான் காதில் விழுகிறது. பிரித்தே எழுதலாம் என்றால் எழுதலாம்; பேசும்போது யார் பிரிப்பது? ‘மதிப்பு’ என்ற சொல்லும் இடிக்கிறது. வீட்டுக்கு மதிப்பு உண்டு, தங்கத்துக்கு மதிப்பு உண்டு. “இன்னொரு வாட்டி ஆடலாம் போல இருக்கு” என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதன் மனசில் ஓடுவது மதிப்புக் கணக்கு இல்லை.

மீள், ஆட்டம் இரண்டையும் சேர்த்து ஐயா தந்த ‘மீளாட்டம்’ முதலில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுருக்கமாக, கம்பீரமாக இருக்கிறது. ஆனால் மீளாத் துயர், மீளாத் துயில் என்று படித்துப் பழகிய கண் அதை ‘மீளா’ என்றுதான் முதலில் வாசிக்கும். மீளா, ஆட்டம் சேர்ந்தால் ‘மீளாவாட்டம்’ என்றுதான் வரும், ஆகவே குழப்பம் வராது என்று ஐயா எழுதியிருந்தார். இலக்கணம் அவர் பக்கம்தான். ஆனாலும் கேமில் மூழ்கி எழ முடியாமல் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படும் காலத்தில், அந்தச் சொல்லை அறிவிப்புப் பலகையில் பார்த்தால் எதிர்ப்பொருள்தான் தோன்றும்.

ஜூரோங் அக்காவின் ‘திரும்ப விளையாடும் தன்மை’ நல்ல விளக்கம். அகராதியில் பொருள் எழுதும் இடத்தில் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: மறுசுவை.

மறுபதிப்பு, மறுசுழற்சி, மறுகூட்டல் எல்லாம் நம் வாயில் புழங்குகிற சொற்கள். அதே அச்சு. காதுக்கோ அறுசுவை போலக் கேட்கிறது, அதனால் ஒருமுறை கேட்டால் மறக்காது. ஒருமுறை சாப்பிட்டபின் இன்னும் கொஞ்சம் போடச் சொல்ல வைக்கும் சுவை என்று பொருள் தானே விரிகிறது. ‘இணையம்’ என்ற சொல்லை நமக்குத் தந்த நா. கோவிந்தசாமி எங்கள் சிங்கப்பூர்க்காரர். 1997இல் இங்கே இணையத் தமிழுக்காக நடந்த தமிழ்நெட் மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் அவரே. இணையம் நான்கெழுத்து, இன்று அது உருவாக்கப்பட்ட சொல் என்றே யாருக்கும் நினைவில்லை. மறுசுவையும் நான்கெழுத்துதான்.

சரி, இதற்கும் பழசு புதுசு சண்டைக்கும் என்ன தொடர்பு?

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. சென்ற மாதம் ஓர் இரவு அவளுக்குக் காய்ச்சல். பத்தரை மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம். திட்ட வாயெடுப்பதற்குள் அவளே அணைத்துவிட்டாள். “விளையாடுனியா?” என்று கேட்டேன். “இல்லப்பா, சும்மா உள்ள போய் கிளைம் பண்ணிட்டு மூடிட்டேன். விட்டா இருபத்தாறு நாள் போயிடும்.” இருபது வினாடிதான் ஆகியிருக்கும். அவள் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை, ஒரு தாவல்கூடத் தாவவில்லை. தினம் வந்து கைநாட்டு வைத்தால் ஒரு பரிசு, ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதற்காக நூறு டிகிரி காய்ச்சலில் எழுந்திருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவேயில்லை.

அந்த கேமைச் செய்தவர்கள் கணக்கில் அவள் ‘திரும்பத் திரும்ப வருபவள்’. கோவை நண்பர் எழுதியபடி, திரும்ப வருவதுதான் அளவுகோல் என்றால் அந்த கேமுக்கு மறுஆட்ட மதிப்பு உச்சத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ஆட்டமே நடக்கவில்லை. இதற்குத் தனிப் பெயர் வேண்டும். வருகைப் பதிவேட்டை நினைத்து நான் இதை ‘வருகைப்பிடி’ என்கிறேன். உடும்புப்பிடியில் வரும் அதே பிடி.

இப்போது மறுபக்கம். நான் சிறுவனாக இருந்தபோது தோ பாயோவில் எங்கள் புளோக்கில் ஒரே ஒரு வீட்டில்தான் மைக்ரோ ஜீனியஸ் என்ற, டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி இருந்தது. நாலைந்து பையன்கள் செருப்பை வெளியே கழற்றிப்போட்டுத் தரையில் உட்கார்ந்திருப்போம். கேசட் வேலை செய்யவில்லை என்றால் எடுத்து வாயால் ஊதி மறுபடி செருகுவோம். சூப்பர் மாரியோ 1985இல் வந்தது. மொத்தமே 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம்கூட அதைவிடக் கனம். இடம் போதாமல் வானத்து மேகத்தையும் தரைப் புதரையும் ஒரே படத்தில் நிறம் மாற்றிப் போட்டிருப்பார்கள். எட்டு உலகம், முப்பத்திரண்டு ஸ்டேஜ், கையில் மூன்று உயிர். சேமித்து வைக்க வழி கிடையாது. தமிழ்ச் செய்தி நேரம் வந்தால் அந்த வீட்டுப் பாட்டி சேனலை மாற்றச் சொல்வார், அதோடு அன்றைய ஆட்டம் போயிற்று. மறுநாள் முதல் ஸ்டேஜிலிருந்துதான். ஆனாலும் போனோம். எந்தப் பரிசும் எங்களை அழைக்கவில்லை. நேற்று விழுந்த பள்ளத்தை இன்று தாண்டிவிடலாம் என்று கால் பரபரக்கும், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் “அது உங்கள் சின்ன வயசு ஏக்கம்” என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான கேள்வி. நினைவேக்கம் வேறு, மறுசுவை வேறு. இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு: பழைய கேமை, அதைப் பற்றி எந்த நினைவும் இல்லாதவர் கையில் கொடுத்துப் பார்ப்பது. நான் கொடுத்துப் பார்த்தேன்.

தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தபோது, 2000 வாக்கில், நோக்கியா 3310 கைப்பேசியில் பாம்பு கேம் ஓட்டாத இரவு எனக்குக் கிடையாது. விளக்கணைத்த பிறகு பாசறை அறை முழுக்கச் சின்னச் சின்னப் பச்சை வெளிச்சமாக இருக்கும். அந்தப் பாம்பை மகளிடம் கொடுத்தேன். மூன்று முறை ஆடிவிட்டு வைத்துவிட்டாள். பிறகு நானும் ஆடிப் பார்த்தேன், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. எனக்குப் பாம்பு என்பது அந்தப் பாசறையும் கூட இருந்த பையன்களும்தான். அது முழுக்க நினைவேக்கம், ஒப்புக்கொள்கிறேன்.

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் அப்படி இல்லை. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. ஏழே ஏழு வடிவம், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம். மகளிடம் கொடுத்துவிட்டு இரவுச் சமையலை முடித்து வந்தேன், அப்போதும் அதிலேயே இருந்தாள். தோற்றதும் விரல் தானாக மறுபடி தொடங்கும் பொத்தானுக்குப் போனது. “இந்தத் தடவ நீளக் கட்டைக்கு ஓரத்துல இடம் விட்டு வைக்கப் போறேன்” என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு திட்டம் அவளிடம் பிறந்துவிட்டது. மறுசுவை என்று நான் சொல்வது இதைத்தான். 1989இல் வந்த நிண்டெண்டோ டெட்ரிஸை 2023 டிசம்பரில் ஓர் அமெரிக்கச் சிறுவன், அவனுக்கும் பதின்மூன்று வயதுதான், கேமே தாங்காமல் உறைந்து நிற்கும் வரை ஆடிக் காட்டினான். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு வந்த கேம் அது. அங்கே நினைவேக்கத்துக்கு இடம் ஏது?

அப்படியானால் பழசுக்கு மறுசுவை, புதுசுக்கு வருகைப்பிடி என்று கோடு போட்டுவிடலாமா? கூடாது. இந்த இழையில் பலர் அந்தக் கோட்டைத்தான் போடுகிறார்கள், அங்கேதான் எனக்கு மாறுபாடு. காய்ச்சலில் எழுந்த அதே பிள்ளை மைன்கிராஃப்டில் எத்தனை முறை புது உலகம் தொடங்கியிருக்கிறாள் என்று எனக்குக் கணக்கே தெரியாது. மலையும் ஆறும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருக்கும், அவளும் வேறு மாதிரி வீடு கட்டுவாள். மைன்கிராஃப்ட் 2011இல் முழுமையாக வெளிவந்தது. 2024இல் வந்த பலாட்ரோ என்ற சீட்டு கேமைத் தனி ஒருவர் உருவாக்கினார். சீட்டாட்டத்தில் “இன்னொரு கை போடுவோம்” என்கிறோமே, அந்த ஒரே உணர்வின் மேல் நிற்கிறது அது. இவையெல்லாம் புதுசுதான், மறுசுவை ததும்புகிறது.

பழைய கேம்களும் மாசற்றவை இல்லை. காசு போட்டு ஆடும் பெட்டிகளில் தோற்றதும் ஒன்பது, எட்டு, ஏழு என்று எண்ணிக்கை ஓடும், அதற்குள் இன்னொரு காசு போட்டால் தொடரலாம். பதறிப்போய்ப் பையைத் துழாவுவோம். அதையும் பிடி என்றுதான் சொல்ல வேண்டும், வேண்டுமானால் ‘காசுப்பிடி’. ‘பிடி’யை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம், முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டே போகலாம். கேமுக்குள்ளேயே பணம் கட்டி, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சிலவற்றை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே முடிவுகட்டியது. அந்தப் பெட்டிகளில் இருப்பது ‘குலுக்கல்பிடி’.

அதே காசுப்பெட்டிக் காலத்தில் வந்த, மேலிருந்து இறங்கும் எதிரிகளைச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸையும் பாருங்கள், 1978. ஐம்பத்தைந்து எதிரிகள். அன்றைய கருவிக்கு அத்தனை பேரையும் நகர்த்துவது பெரும்பாடு. சுடச் சுட எண்ணிக்கை குறையும், வேலை குறைவதால் மீதிப் பேர் வேகமாக நகர்வார்கள். உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒருவன் திரையில் ஓடுவதைத் துரத்தும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு அந்தக் கருவியின் இயலாமைதான் காரணம். காசுப்பிடியும் மறுசுவையும் ஒரே பெட்டிக்குள் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

புதிய கேம்களில் படத்தின் தெளிவு பற்றியும் நிறைய எழுதினீர்கள். எனக்கு அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேமில் குதிரை சேற்றில் நடப்பதைப் பார்த்து நானும் வாயடைத்துப் போயிருக்கிறேன். அது முதல்முறைச் சுவை, அதுவும் வேண்டியதுதான்.

பழைய பாணி கேமைக் குறிக்கும் ‘ரெட்ரோ’வுக்கும் சொல் கேட்டிருந்தார் ஒருவர். என் கருத்து, அதை ரெட்ரோ என்றே விட்டுவிடலாம். ‘தொல்’ என்று தொடங்கினால் பானை ஓடும் கல்வெட்டும்தான் நினைவுக்கு வரும்.

சொற்பட்டியலைத் தொகுக்கும் தம்பிக்கு, பதிவுக்கான வாக்கியங்கள்: “இந்த கேமில் கதை நன்று, ஆனால் மறுசுவை இல்லை.” “மறுசுவை மிக்க கேம்.” “வருகைப்பிடி இருப்பதால் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.” மூன்றாவது வாக்கியத்தை என் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேம் பக்கமே போகாதவள். விளக்கம் கேட்காமல் தலையாட்டினாள்.

ஐயா, ‘மீளாட்ட’த்தை நீங்கள் எவ்வளவு யோசித்து அமைத்தீர்கள் என்று தெரியும். ‘ரீப்ளே’ என்பதற்கு, அதாவது முடிந்த ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதற்கு, அதை வைத்துக்கொள்ளலாமா? அங்கே குழப்பம் குறைவு என்று நினைக்கிறேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். வருகைப்பிடியைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் உடனே மாற்றிக்கொள்வேன். மறுசுவையை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

அன்புடன்,
தெம்பனிஸிலிருந்து