மசாலா சாக்லேட் காபி: வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாம்பலத்திலிருந்து:

போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து நனைந்துகொண்டே வந்தாள். "வழக்கமான காபி வேண்டாம்மா, சாக்லேட் போட்டு, பட்டை வாசனையோடு ஒன்று போட்டுக் கொடு" என்றாள். இருபது வருடமாகக் காபி போட்டுப் பழகிய கை. பாலை அடுப்பில் ஏற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு துண்டு வெல்லம், இரண்டு ஸ்பூன் கோகோ தூள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தேன். பால் சூடேறும்போதே ஓரத்தில் திரிதிரியாகப் பிரிந்தது. கோகோ மிளகளவு உருண்டைகளாகக் கட்டிக்கொண்டு மேலே மிதந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த தூள். அரை லிட்டர் பால் வீணாகிவிட்டது, மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்தேன். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. 60, 70 டிகிரி சூட்டில்தான் அதற்கு வேகம் அதிகம். கொதித்துவிட்டால் அடங்கிவிடும். நானோ ஆறிய பாலில் போட்டு, மெல்ல மெல்லச் சூடேற்றியிருக்கிறேன். வெல்லத்துக்கும் பாலுக்கும் அடுப்பில் ஒத்துப்போகாது என்று அம்மா சொல்லித் தெரிந்தும் அவசரத்தில் மறந்துவிட்டது. பாயசத்தில்கூட இறக்கி வைத்த பிறகுதானே பாலைச் சேர்ப்போம்?

இரண்டாவது முறை இஞ்சியும் இல்லை, வெல்லமும் இல்லை. பட்டையைப் பொடி செய்து போட்டேன். பால் திரியவில்லை, ஆனால் டம்ளரின் அடியில் வெண்டைக்காய் நறுக்கிய பலகையில் நிற்கும் நீர் மாதிரி ஒரு வழவழப்பு. பட்டைத் தூள் சூடான திரவத்தில் ஊறினால் அப்படித்தான் ஆகுமாம். மகள் பாதியில் வைத்துவிட்டாள்.

இப்போது செய்வது இப்படி. இரண்டு பேருக்கு 100 மில்லி தண்ணீரில் விரல் நீளப் பட்டை, தட்டிய ஏலக்காய் இரண்டு, மிளகு நாலு, கிராம்பு ஒன்றே ஒன்று. இரண்டாவது கிராம்பு போட்டால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும். தண்ணீர் பாதியாகச் சுண்டட்டும். இன்னொரு பக்கம் கிண்ணத்தில் கோகோ இரண்டு ஸ்பூன், சர்க்கரை மூன்று ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இதில் அந்த மசாலாத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க மூன்று ஸ்பூன் மட்டும் விட்டு, ஸ்பூனின் பின்பக்கத்தால் கிண்ணத்தின் ஓரத்தோடு தேய்க்க வேண்டும். முதலில் செங்கல் பொடி மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து தேய்ப்பில் நிறம் மாறி, கருப்பட்டிப் பாகு போலப் பளபளவென்று வரும். இந்த இடத்தில்தான் சாக்லேட் வாசனையே எழும்புகிறது. கோகோ உண்மையில் பாலில் கரைவதில்லை, பொடித் துகளாகப் பரவி நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் முதலில் இப்படி நனைத்து விழுதாக்காமல் விட்டால் எவ்வளவு கலக்கினாலும் கட்டி கட்டியாகத்தான் நிற்கும்.

விழுதில் மீதி மசாலாத் தண்ணீரை வடிகட்டிச் சேர்த்து, 250 மில்லி பாலோடு ஒரு கொதி. கோகோவில் உள்ள மாவுச்சத்து வெந்து பால் லேசாகக் கெட்டிப்படும். அடுப்பை அணைத்த பிறகுதான் முதல் டிகாஷன் 60 மில்லி. டிகாஷன் கொதிக்கவே கூடாது. கொதித்தால் காபி வாசனை ஆவியோடு போய், கசப்பு மட்டும் டம்ளரில் நிற்கும்.

உங்கள் வீட்டில் எப்படி? வேறு முறை இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து:

அக்கா, நீங்கள் தூளில் செய்ததை நான் கொட்டையிலிருந்து செய்தேன்.

எங்கள் தென்னந்தோப்பில் கோகோ ஊடுபயிர். காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உடைத்தால் சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அந்தச் சதையோடு கொட்டையைக் கூடையில் போட்டு, வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். கூடைக்குள் கைவிட்டால் சுடும். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சாக்லேட் வாசனையே வராது. அப்புறம் ஒரு வாரம் வெயில்.

வருடா வருடம் கொட்டையை விற்றுவிடுவதோடு சரி. போன வருடம்தான் ஒரு கிலோவை வீட்டில் நிறுத்திக்கொண்டேன். இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தேன், நிலக்கடலை மாதிரி படபடவென்று வெடித்தது. தோல் நீக்கி, முறத்தில் புடைத்து, மிக்ஸியில் அடித்து, பிறகு மாவு அரைக்கும் டேபிள் டாப் கிரைண்டரில் போட்டேன். சொட்டுத் தண்ணீர் விடவில்லை. முதலில் காபித் தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு சுற்றியது. கல் சூடேறச் சூடேற, அரை மணி நேரத்தில், தோசை மாவு மாதிரி ஓட ஆரம்பித்தது. கோகோவில் பாதிக்குப் பாதி கொழுப்புதான், அது உருகி வெளியே வருகிறது. அம்மா நின்று பார்த்துவிட்டு, "தண்ணியே ஊத்தலியேப்பா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். வெளிநாட்டில் சின்ன அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் பலர் நம் கோவைக் கிரைண்டரைத்தான் மாற்றி அமைத்து வைத்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்த விழுதில் பொடித்த சர்க்கரை, ஏலக்காய், சுக்கு சேர்த்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து வைத்தேன். ஒரு உருண்டையைச் சூடான பாலில் கரைத்து, டிகாஷன் விட்டால் இரண்டு டம்ளர். ஒரு குறை மட்டும் உண்டு. தூளைவிட இதில் கொழுப்பு மிக அதிகம், சும்மா விட்டால் மேலே எண்ணெய்ப் படலம் கட்டும். நன்றாக ஆத்தினால் அது நுரையோடு கலந்துவிடும். உருண்டை பிடிக்கும்போது கை ஈரமாக இருக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் விழுது மணல் மாதிரி இறுகிவிடும். எனக்கு இரண்டு உருண்டை அப்படிப் போனது.

டொராண்டோவிலிருந்து:

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில் கோப்பித் தூளே மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடிச்சதுதான். சுக்கைத்தான் வேர்க்கொம்பு எண்டு சொல்றோம். ஆனபடியால் கோப்பிக்குள் மசாலா எனக்குப் புதுசில்லை. சாக்லேட்தான் புதுசு.

இங்கே பக்கத்து வீட்டில் மெக்சிகோவின் வஹாக்கா பகுதியைச் சேர்ந்த ஒரு அம்மா இருக்கிறா. பனிக்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டு ஒரு குவளை தந்தா. குடிக்க முதலே மணம் மூக்கில் அடிச்சது, எங்கட கறுவாப்பட்டை! சுப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற தடிச்ச பட்டையின் மணம் இல்லை, ஊரில் அம்மா வைத்திருந்த மெல்லிய, சுருள் சுருளான பட்டையின் மணம். எங்கே வாங்கினீங்கள் எண்டு கேட்டேன். பாக்கெட்டை எடுத்துக் காட்டினா, பின்பக்கத்தில் இலங்கை எண்டு போட்டிருந்தது. அங்கே 'கனேலா' எண்டால் பெரும்பாலும் இந்தப் பட்டைதான். இலங்கைக் கறுவாவை ஆகக் கூடுதலாக வாங்குகிற நாடு மெக்சிகோ எண்டது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. பாக்கெட்டைக் கையில் வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்க முடியவில்லை.

அவவின் முறை இது. மண்பானையில் தண்ணீர், கறுவா, 'பிலோன்சீயோ' எண்ட வெல்லம். எங்கட வெல்லத்தின்ர அதே சுவை, கூம்பு வடிவம். அது கரைஞ்சு கொதிச்ச பிறகு கோப்பித் தூளைப் போட்டு, நெருப்பை நிறுத்தி, மூடி வைக்கிறா. இதுக்குப் பேர் 'கஃபே தே ஒய்யா', பானைக் கோப்பி. பால் இல்லாதபடியால் வெல்லம் திரிய வைக்க ஒண்டுமில்லை. விசேஷ நாளில் இதுக்குள் சாக்லேட் கட்டி ஒன்றை உடைச்சுப் போட்டு, 'மொலினீயோ' எண்ட மரக் கடைசலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைச்சு உருட்டி நுரை எழுப்புறா. நுரை இல்லாட்டில் அது சாக்லேட்டே இல்லை எண்டு சொல்லுறா. எங்கட மோர் மத்தின்ர சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. நானும் வீட்டில் இரண்டு பேணியை எடுத்து உயரத் தூக்கி ஆத்திக் காட்டினேன். நுரையைப் பார்த்துவிட்டு அவ கை தட்டினா.

மதுரையிலிருந்து:

காய்ந்த மிளகாய் போட்டவர்கள் யாரும் இல்லையா? மெக்சிகோவில் சாக்லேட்டோடு மிளகாய் சேர்ப்பது பழைய வழக்கம். மிளகாயே அங்கிருந்துதானே நமக்கு வந்தது. நான் குண்டு மிளகாய் ஒன்றைக் கிள்ளி, விதையை முழுக்க உதறிவிட்டு, பாலில் மூன்று நிமிடம் ஊறவிட்டு எடுத்துவிடுவேன். காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் இறங்கும். அதனால் மசாலாத் தண்ணீரில் போடாமல் பாலில் போடுங்கள். நாக்கில் தெரியாது, விழுங்கிய பிறகு தொண்டையில் இதமாகச் சூடு ஏறும். ஜலதோஷத்துக்கு அவ்வளவு சுகம்.

சேலத்திலிருந்து:

விடுதியில் இருக்கிறேன், ஃபில்டர் கிடையாது, கெட்டில் மட்டும்தான். இன்ஸ்டன்ட் காபித் தூளையும் கோகோவையும் சேர்த்தே கொதிநீரில் விழுதாக்கிப் பால் பவுடர் கலந்தேன், நன்றாகவே வந்தது. ஒரு சின்ன விஷயம்: சாக்லேட் காபியை மோக்கா என்கிறார்களே, அந்த மோக்கா என்றாலே சாக்லேட் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது யேமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயர். அங்கிருந்து கப்பலேறியது காபி, சாக்லேட் இல்லை.

மறுபடி மாம்பலத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. டொராண்டோ தங்கை எழுதியதைப் படித்ததும் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சுருள் பட்டை என்று கேட்டு வாங்கினேன். கையில் நொறுங்குகிறது, இனிப்பான வாசனை. நேற்று ராத்திரி அதைப் போட்டு, மதுரைக்காரர் சொன்ன குண்டு மிளகாயைப் பாலில் ஊறவிட்டு, கடைசியில் டபராவில் ஆறு முறை ஆத்தினேன். மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை, குடித்து முடிக்கும்வரை அமுங்கவில்லை. சிக்கரி கலந்த தூளில் போட்டபோது கோகோவின் கசப்போடு அதுவும் சேர்ந்து கொஞ்சம் முரடாக இருந்தது. இந்த முறை சிக்கரி இல்லாத பீபெரி, அதாவது உருண்டைக் கொட்டைக் காபித் தூள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மகள் இரண்டாவது டம்ளர் கேட்டாள், மணி பத்தாகிவிட்டதால் தரவில்லை.

பொள்ளாச்சித் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டிலும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்தான். இட்லி மாவு அரைத்து அரைத்துக் கல்லில் உளுந்து வாசனை ஏறியிருக்கிறது. அதிலேயே கோகோ அரைக்கலாமா, இல்லை தனிக் கல் வேண்டுமா? அரைக் கிலோவுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள், நடுவில் மோட்டாரை ஆறவிட்டீர்களா?