உள்நாட்டுக் குழப்பம் வந்தால் வெளியில் நிற்கிற படை திரும்புமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
1987ல இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படை 1990ல போனதுக்குக் காரணம் தெற்குக் குழப்பமா, டெல்லி ஆட்சி மாற்றமா? ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேணும்.

கல்முனையான்:
ரெண்டும்தான் தம்பி, ஆனா ஒழுங்கு முக்கியம். படை வந்ததே தெற்கோட ஒட்டின கதை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோட கொழும்பில கலவரம் வெடிக்க, வடக்கில நின்ற இலங்கைப் படையைத் தெற்குக்கு ஏத்தினது இந்திய விமானங்கள். பிறகு ஜே.வி.பி., தெற்கில கிளர்ச்சி செய்த சிங்கள இடதுசாரி இயக்கம், இந்திய எதிர்ப்பையே ஆயுதமாக்கினது. அந்த நெருக்குதலுக்குள்ளதான் இலங்கை ஜனாதிபதி பிரேமதாச, 1989 ஜூன் 1ல, ஜூலை முடிவுக்குள்ள போகச் சொன்னார். இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி மறுத்தார். செப்டெம்பரில டிசம்பர் 31 எண்டு உடன்பட்டாங்க.

அக்கரைப்பற்று வாசகி:
அந்தத் திகதியும் தவறினது அண்ணா. 1989 டிசம்பரில டெல்லியில வி.பி. சிங் பிரதமரானார், கடைசி அணி 1990 மார்ச் 24ல திருகோணமலையால கப்பலேறினது.

பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கோ: ஒரேயடியாப் போகேல்ல, மாவட்டம் மாவட்டமா விலகினாங்க. அம்பாறை முந்திக் காலியானது. இந்தியப் படையின்ட ஆதரவோட கட்டாயமாப் பிடிச்சுச் சேர்த்த தமிழ் தேசிய இராணுவப் பொடியன்மார் காவலில்லாம நிண்டாங்க; புலிகள் தாக்கினதில கனபேர் செத்தாங்க. போற திகதி வெளியில தெரிஞ்சா, எதிராளி காத்திருந்தாலே போதும். அந்தப் பொடியன்மாரின்ட சாவைப் பாடத்தில விட்டுடாதீங்க.