எண்ணெய் நிலையா, எண்ணெய்ப் பதமா?

அண்ணாச்சி வணக்கம். காத்தாடி (காற்றாலை) கியர்பாக்ஸ் ஆயில் நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு பாக்குற ஆயில் கண்டிஷன் மானிட்டரிங்குக்கு நீங்க போட்ட தமிழ்ச் சொல்லப் பத்தித்தான் எழுதுறேன். "எண்ணெய் நிலைக் கண்காணிப்பு"ன்னு நீங்க வச்சிருக்கிற சொல்லு இலக்கணப்படி சரிதான், ஆனா வேலை நடக்குற எடத்துல அது தப்பான அர்த்தத்துல போய் நிக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. நான் முப்பந்தல் பக்கம் காத்தாடி மெயின்டனன்ஸ்ல இருக்கேன், ரெண்டு வருஷம் முன்னாடி செக்லிஸ்ட்ட தமிழ்ல போடணும்னு ஆசைப்பட்டு நானே எழுதுனேன், அதுல ஒரு வரி "கியர்பாக்ஸ் எண்ணெய் நிலை பார்க்கவும்". மேல ஏறுன தம்பி ஆயில் மட்டம் தெரியுற கண்ணாடிய பாத்தான், ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஆயில் நின்னுச்சு, டிக் போட்டுட்டு இறங்கிட்டான். அடுத்த வாரம் வேற வேலையா நான் ஏறுறேன், அதே கண்ணாடில ஆயில் பால் டீ நெறத்துல இருக்கு, தண்ணி கலந்து நல்லா அடிச்சு விட்ட மாதிரி. லெவல் சரியாத்தான் இருந்துச்சு. நிலைன்னா அவன் மட்டம்னு எடுத்துக்கிட்டான், அது அவன் தப்பே இல்ல, சொல்லு தப்பு.

அதான் என் முன்மொழிவு: மட்டத்துக்கு மட்டம், கண்டிஷனுக்கு பதம். எண்ணெய்ப் பதம், எண்ணெய்ப் பதக் கண்காணிப்பு, எண்ணெய்ப் பத உணரி (உணரின்னா சென்சார்).

பதம்ங்கிறது நம்ம வீட்டுல ஏற்கனவே இந்த வேலையத்தான் செய்யுது. வெல்லப்பாகுல கம்பிப் பதம் பாக்குறோம், தைலம் காய்ச்சுறவங்க மெழுகுப் பதம் மணல் பதம்னு கசண்ட விரல்ல உருட்டிப் பாத்துத்தான் எறக்குறாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுறோமே, அது அப்படியே ஆயில் சாம்பிளிங்தான், அத்தன லிட்டர் ஆயிலுக்கு ஒரு சின்ன பாட்டில எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு மொத்தத்துக்கும் முடிவு சொல்றது. வேற சொல்லு தேடி எங்க போகணும்? ஆயிலோட கெட்டித்தன்மைக்கு (விஸ்காசிட்டி) சொல்ற பாகுநிலைங்கிற சொல்லே பாகுல இருந்து வந்ததுதானே, பக்கத்துல பதம் உக்காந்தா பொருத்தமாத்தான் இருக்கும்.

அக்கா ஒருத்தங்க "பதம் பாத்திருச்சுன்னா காயம் பட்டுருச்சுன்னு அர்த்தம் வருமே"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. கல்லு கால பதம் பாத்துருச்சுன்னு நாமளே சொல்லுவோம். ஆனா அது வினையா வரும்போதுதான். பதப்படுத்துதல், தோல் பதனிடுதல்னு தொழில் சொல்லுல வரும்போது யாருக்கும் காயம் ஞாபகம் வர்றதில்ல. அதனால பெயராவே வைப்போம், செக்லிஸ்ட்ல "பதம் பார்க்கவும்"னு போடாம "பதம்: நல்லது / கெட்டது"ன்னு போட்டா போதும்.

சென்சார் என்ன பாக்குதுங்கிறதுக்கும் இந்த சொல்லு ஒத்துப்போகுது. ஆயிலோட மின்காப்பு மாறிலி (டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட், சென்சார் அளக்குறது இதத்தான்) 2-க்கு கொஞ்சம் மேல, தண்ணிக்கு 80 கிட்ட, அதனால துளி தண்ணி கலந்தாலும் சென்சார்ல ரீடிங் ஏறிரும். ஆயில் பழசாகி ஆக்சிடைஸ் ஆனாலும் ஏறும். அதாவது அந்த ஒத்த நம்பர் தண்ணியா, பழசா, அழுக்கான்னு பிரிச்சு சொல்லாது, பதம் மாறிருச்சுன்னு மட்டும் சொல்லும், மிச்சத்த பாகுநிலை, ஈரப்பதம், டெம்பரேச்சர் எல்லாத்தையும் சேத்து வச்சு நாமதான் கண்டுபிடிக்கணும். பாருங்க, ஈரப்பதம், அதுலயே பதம் இருக்கு!

அடுத்து தேய்மானத் துகள், அதாவது கியர், பேரிங் தேஞ்சு ஆயில்ல விழுற உலோகத் துகள் (வேர் டெப்ரி). இதுல எனக்கு ரெண்டு சங்கடம், தேய்மானம்னா கணக்குப்புள்ளைக்கு வருஷா வருஷம் கழிக்கிற மதிப்பு, அதோட சொல்லு நீளம், உணரிய சேத்தா வாய்க்குள்ள நிக்காது. தேய்துகள்னு வைங்களேன், ஊறுகாய் சுடுசோறு மாதிரி வினைத்தொகை, தேய்ந்த துகள் தேய்கிற துகள் தேயும் துகள் மூணும் அதுக்குள்ளயே அடங்கிரும், நடுவுல ஒற்றும் வேண்டாம். அரப்பொடின்னு ஒருத்தர் சொல்லிருந்தாரு, அழகான பழைய சொல்லு, ஆனா அது வெளியிலிருந்து அரத்த வச்சு ராவுனதுல விழுற இரும்புத்தூள். இங்க கியர் பல்லும் பேரிங்கும் தானாவே தேயுது, அதோட எல்லாம் இரும்பும் இல்ல, பேரிங் கூண்டு பித்தளையா இருந்தா பித்தளையும் வரும். துகள் பாக்குற சென்சாருக்கு அந்த வித்தியாசம் தெரியும்: ஆயில் போற குழாய சுத்தி மூணு காயில், ஓரத்து ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா காந்தப்புலம் போடும், நடுவுல உள்ளது கேட்டுக்கிட்டு இருக்கும், இரும்புத் துகள் போனா சிக்னல் ஒரு பக்கம் எழும்பும், பித்தளை போனா எதிர்ப் பக்கம். அதனால இரும்புத் தேய்துகள், இரும்பல்லாத் தேய்துகள்னு பிரிச்சுக்கலாம்.

ஆயில்ல என்னென்ன உலோகம் எவ்வளவுன்னு சொல்ற லேபு ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கேன்னு கேப்பீங்க. அதுக்கு சின்னத் துகள்தான் கண்ணுக்குத் தெரியும், பத்து மைக்ரானுக்கு மேல போனா அநேகமா விட்டுரும், பெருசா உடையுறத ட்ரெயின் பிளக் (ஆயில் வடிக்கிற துளை மூடி) காந்தமோ ஆன்லைன் சென்சாரோதான் பிடிக்கும். அந்தக் காந்தத்த தொடச்சுப் பாத்தா சாதாரண நாள்ல கண்மை மாதிரி கரு நெறத்துல மெத்துன்னு ஒட்டியிருக்கும், விரல்ல தேச்சா ஒண்ணும் உறுத்தாது. பல்லுல குழி விழ ஆரம்பிச்சா மீன் செதிள் மாதிரி பளபளன்னு தகடு தகடா வரும், விரல்ல குத்தும். எங்க தம்பிங்க இதுக்கு ஏற்கனவே "மை", "செதிள்"னுதான் பேசிக்கிறாங்க, நாம உக்காந்து யோசிக்கவே வேண்டாம், மைத்துகள், செதிள்துகள்னு அகராதில ஏத்திரலாம்னு தோணுது.

சீசன்ல, அதாவது மே முடிஞ்சு செப்டம்பர் வரைக்கும், ஒரு காத்தாடி நின்னா அந்த வருஷ வருமானமே அடிபடும், அதனால ஏப்ரலுக்குள்ள புது செக்லிஸ்ட் அச்சடிக்கணும். மட்டம், பதம், தேய்துகள் மூணும் தனித்தனி கட்டமா போடப் போறேன். ஆயில்ல எவ்வளவு துகள் இருக்குன்னு மூணு அளவுத் துகளுக்கும் எண் போடுற ஐ.எஸ்.ஓ 4406 துப்புரவு எண்ணுக்கு மட்டும் எனக்கு நல்ல சொல்லு அமையல, 18/16/13-ன்னு வர்றதுல ஒரு எண் கூடுனா துகள் கணக்கு ரெண்டு மடங்காகுது, அந்த இரட்டிப்பு சொல்லுலயே தெரியணும். "மாசுப்படி" எப்படி இருக்கு? படி ஏறுனா மாசு ஏறும்னு புரியுதா இல்ல நாழி, படின்னு அளவு ஞாபகம் வந்து குழப்புமா? அண்ணாச்சியும் அக்காவும் பாத்து சொல்லுங்க.