இன்சூரன்ஸ் இல்லாத காரில் 17 வயது பையன் விபத்து: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்கா மகன், பிளஸ் டூ படிக்கிறான். போன மாதம் 9-ம் தேதி சாயங்காலம் வீட்டில் ஆள் இல்லாதபோது சாவியை எடுத்து 2014 மாடல் ஆல்ட்டோவை ஓட்டிப் போய்விட்டான். ஒட்டன்சத்திரம் – பழனி ரோட்டில், எக்ஸ்.எல்.லில் எதிரே வந்த பால்காரர் மேல் மோதிவிட்டான். அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனேன். வாய் நசுங்கிய பால்கேன் இன்னும் திண்ணையிலேயே கிடக்கிறது. தப்பு எங்களுடையதுதான், அவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும்.

ஆர்.சி. அக்கா பேரில். இன்சூரன்ஸ் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. மாமா குவைத்தில்; அடுத்த வருடம்தான் லீவு.

ஏஜென்ட்டிடம் கேட்டோம், இப்போது புதுப்பித்தாலும் நடந்ததற்குச் செல்லாதாம். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. கோர்ட்டில் ஈடு காட்டாமல் விடமாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் அக்காவுக்கே 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்கிறார் வக்கீல். அக்கா சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாகிறது. நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்கு 85,000 கட்டினோம்.

இப்போது பால்காரர் வீட்டார் 3 லட்சம் கேட்கிறார்கள், நியாயமாகத்தான் படுகிறது. புரட்டிவிடுவோம்.

முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால், பிறகு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு வராமல் இருக்குமா, இல்லை லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) வைத்துத்தான் பணம் கொடுக்க வேண்டுமா?