மந்தமான வலியைக் காண்டனீஸில் எப்படிச் சொல்வது?

கேள்வி (குடியாத்தம்): ஹாங்காங்கில் அண்ணன் வீட்டுக்குப் போகவிருக்கும் என் அம்மாவுக்கு, எங்கள் பக்கத்தில் ‘கால் நோவு’ என்று சொல்லும் வலி உண்டு, அது சுருக்கென்று குத்தாது, மாலையில் முழங்காலுக்குள் குடைச்சலாகத் தொடங்கி விடியும்வரை விடாது. அண்ணன் இல்லாத நேரத்தில் மருத்துவரிடம் இதை எப்படிச் சொல்வது? அங்கே பேசும் சீன மொழியான காண்டனீஸில் ‘துங்’ என்றால் வலி என்பது மட்டும் தெரியும்.

பதில் 1 (காட்பாடி): ‘யன் யன் துங்’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘யன்’ என்றால் மறைந்திருப்பது. அதை இரட்டித்தால், உள்ளே ஒளிந்துகொண்டு மெல்ல மெல்ல வலிப்பது என்ற பொருள் கிடைக்கிறது. ‘யன்’ என்பதைக் கீழிருந்து மேலே குரலை ஏற்றியும், ‘துங்’ என்பதை ஏற்ற இறக்கமின்றி நடுக்குரலிலும் சொல்ல வேண்டும். அங்கே தொனி மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதால், அண்ணனைத் தொலைபேசியில் சொல்லச்சொல்லி அம்மா பலமுறை கேட்டுப் பழகுவது நல்லது. முழங்கால் ‘சத் தௌ’.

பதில் 2 (ஆம்பூர்): நெடுநேரம் நடந்து தசை அசந்து வலித்தால் ‘ஸ்யூன் துங்’ பொருந்தும். புளிப்புச் சுவைக்கும் அங்கே ‘ஸ்யூன்’ என்றே பெயர்; மாங்காய் கடித்துப் பல் கூசியதை நினைத்துக்கொண்டால் அம்மாவுக்கு மறக்காது. ஆனால் இரவெல்லாம் குடைவதற்கு முதல் பதிலில் உள்ளதே சரி. ஓயாமல் வலிக்கிறது என்பதற்குச் ‘செங் யத்’ என்பதையும் சேர்க்கலாம். எப்போதும் என்று பொருள்.

கேட்டவர்: மிக்க நன்றி. ‘சத் தௌ யன் யன் துங்’ என்று அம்மாவின் மருந்துச்சீட்டின் பின்புறம் தமிழில் எழுதிவைத்துவிட்டேன்.