கோல்ஃப் பேக் தூக்கியவன் சொல்லிக்கொடுக்கப் போன கதை

நுவரெலியாவிலிருந்து:

எட்டு வருஷம் இங்கே கோல்ஃப் மைதானத்தில் கெடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் பேக் தூக்குகிறவனாக இருந்தேன். 1889இல் வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கிய மைதானம். கெடிக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை, பார்த்துப் பழகுவதுதான். நான் பார்த்தது பெரும்பாலும் ஆண்களின் ஆட்டம். அதுவே வினையாகிப் போனது.

ஒரு ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா மட்டையை மேலே கொண்டுபோகும்போது இடது முட்டி அவ்வளவாக மடங்கவில்லை. இடுப்பும் தோளும் நன்றாகத் திரும்பி, பந்து போக வேண்டிய பக்கத்துக்கே முதுகைக் காட்டி நின்றார். எனக்கு அது பிழையாகப் பட்டது. "மேடம், முட்டிய மடக்குங்க, இடுப்ப அசைக்காதீங்க" என்றேன். அடுத்த பந்து ஓடைக்குள் விழுந்தது. அதற்கடுத்தது இருபது அடி உருண்டு நின்றது. கணவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் பழைய முறைக்கே திரும்பினார். பந்து சைப்ரஸ் மரங்களைத் தாண்டிப் போனது.

அனுபவமுள்ள ஆண், பெண் ஆட்டக்காரர்களை ஒப்பிட்டு 2006இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். பின்வீச்சில், அதாவது மட்டையை மேலே கொண்டுபோகும்போது, ஆண்களின் இடது முட்டி அதிகம் மடங்குகிறது, பெண்களின் இடுப்பும் தோளும் அதிகம் திரும்புகின்றன என்கிறது. நான் பிழை என்றது அவர் உடம்புக்கு ஏற்ற வீச்சு.

மட்டை கீழே இறங்கும்போது ஆணோ பெண்ணோ வரிசை ஒன்றுதான்: முதலில் இடுப்பு, பிறகு நெஞ்சு, பிறகு கை, கடைசியில் மட்டை. ஒன்று வேகம் குறையும்போது அடுத்தது வேகம் எடுக்கும். அப்பா தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிறவர். "கைய நம்பாதடா, இடுப்புல இருந்து கத்தி வரணும்" என்பார். கையை நம்பினவனுக்குப் பகல் சாப்பாட்டுக்குள் தோள்பட்டை போய்விடும்.

ஹட்டனிலிருந்து:

அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். அதிகம் திரும்பினால் அதிக வேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் ஆடும் பெண்களின் டிரைவர் (தூரமாக அடிக்கும் நீள மட்டை) வேகம் சராசரியாக மணிக்கு 94 மைல் அளவில் இருக்கிறது; ஆண்களுக்கு 113க்கு மேல். தசை, உயரம், கை நீளம் எல்லாம் அதில் சேரும்.

இன்னொரு விஷயம். நான் முதன்முதலாக ஆடப் போன இடத்தில் வாடகைக்குத் தந்தது ஆண்களின் மட்டை. நீளம், பாரம், விறைப்பான தண்டு. நாள் முழுக்க என் இடுப்பைத்தான் குறை சொன்னார்கள். பிறகு ஒரு தோழியின் மட்டையை வாங்கி அடித்தேன். நீளம் ஒரு அங்குலம் குறைவு, தண்டும் கொஞ்சம் வளையும். ஐந்தாவது பந்திலேயே பந்து நேராகப் போனது.

நுவரெலியாவிலிருந்து:

சரிதான் தங்கச்சி, மட்டையை நான் யோசிக்கவே இல்லை. அப்பாவையும் ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். இடுப்பு அருமையாகத் திரும்பியது. கவ்வாத்துப் பழக்கத்தில் கீழிருந்து மேலே இழுத்துவிட்டார், பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.